தேய்ந்த தாங்கு உறுப்புகள்: பழைய மோட்டார் வண்டியில் கண்டறிதலும் மாற்றுதலும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடுகிறது. பாட்டரி செயலிழந்தால் விளக்கு எரிவதில்லை. இவ்வகைக் கோளாறுகள் தாமே தம்மை அறிவித்துக்கொள்கின்றன. ஆனால், வண்டியின் உடலைச் சக்கரங்களின்மீது தாங்கி நிற்கும் வில்கள், தணிப்பிகள், மூட்டுகள் ஆகியவை அவ்வாறு அறிவிப்பதில்லை. அவை ஒவ்வொரு நாளும் மிகச் சிறிதளவு தேய்கின்றன. வண்டியை ஓட்டுபவரும் அத்தேய்மானத்துக்கு ஏற்பத் தம்மை அறியாமலே கையையும் கண்ணையும் பழக்கிக்கொள்கிறார். ஐந்தாண்டுகளுக்கு முன் அவ்வண்டி எவ்வாறு ஓடியது என்பது அவர் நினைவில் இருப்பதில்லை. புதிதாக ஒருவர் அதே வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், அது ஒரு பக்கமாக இழுப்பதையும் பள்ளத்தைத் தாண்டிய பின்னும் ஆடிக்கொண்டே செல்வதையும் உடனே கண்டுகொள்வார்.

கணக்கெடுப்பு, நில அளவை, சுகாதாரம், வேளாண்மை விரிவாக்கம் முதலிய பணிகளுக்காகக் கிராமச் சாலைகளில் செல்லும் ஊழியர்கள் பலரும் வாடகைக்கு அமர்த்திய வண்டிகளில் பிரயாணம் செய்கின்றனர். அவற்றுள் பழையனவும் உண்டு. மத்திய அரசின் விதிப்படி, 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. தனியார் கார்களோ பொதுவாக 15 ஆண்டுகளுக்குப் பின்னும் பரிசோதனைக்கு உட்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கரடுமுரடான சாலையில் ஓடும் வண்டிக்கு ஐந்தாண்டு என்பது நெடுங்காலம். இடையில் நிகழும் தேய்மானத்தைக் கண்டறிவது வண்டியைப் பயன்படுத்துவோரின் பொறுப்பேயாகும்.

இங்கு முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. மிகுந்த ஓசை எழுப்பும் உறுப்பு பெரும்பாலும் அபாயம் குறைந்தது. பேரபாயம் விளைவிக்கக்கூடிய உறுப்போ பெரும்பாலும் ஓசையின்றித் தேய்வது. ஆகவே பரிசோதனை ஓசையைப் பின்பற்றிச் செல்லலாகாது. அது அபாயத்தின் வரிசையில், அளவுகோலைக் கையிற்கொண்டு நடைபெற வேண்டும்.

வில்லின் வேலையும் தணிப்பியின் வேலையும்

பட்டறைகளில் ஷாக் அப்ஸார்பர் என வழங்கும் உறுப்பே அதிர்ச்சியை ஏற்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதிர்ச்சியை ஏற்பது வில்லேயாகும். சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது வில் அமுங்கி, அவ்வசைவின் ஆற்றலைத் தன்னுள் சேமித்துக்கொள்கிறது. சேமித்த ஆற்றலை அது திருப்பிக் கொடுத்தே தீரும். அவ்வாறு கொடுக்கும்போது வண்டி மேலெழுந்து, மீண்டும் தாழ்ந்து, ஊஞ்சல்போல் அலைகிறது. இந்த அலைவை நிறுத்துவதற்காக அமைந்ததே தணிப்பி. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது.

வில்லின் நீட்சி அல்லது அமுக்கம் அதன்மேல் உள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். இவ்விதியிலிருந்து பயனுள்ள ஒரு முடிவு கிடைக்கிறது. அசையாது நிற்கும் வண்டியின் பாரத்தால் வில் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ, அந்த அளவே வண்டியின் அலைவு வேகத்தை நிர்ணயிக்கும். 10 செ.மீ. அமுங்கியிருக்கும் வில் விநாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை அலையும், 25 செ.மீ. அமுங்கியிருக்கும் வில் விநாடிக்கு ஒரு முறை அலையும். சாதாரணக் கார்களின் உடல் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை அலையுமாறு வில்கள் அமைக்கப்படுகின்றன.

இதனினும் வேகமான வேறோர் அலைவும் உண்டு. சக்கரமும் அதனோடு சேர்ந்த அச்சும், டயருக்கும் வில்லுக்கும் இடையே விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை துள்ளக்கூடியவை. தணிப்பி வலுவிழந்தால் இத்துள்ளல் அடங்குவதில்லை. துள்ளும் சக்கரம் தரையை விட்டு விலகும் கணத்தில் அதற்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திசை திருப்பும் ஆற்றலும் இல்லை. தாங்கு அமைப்பு சொகுசுக்காக மட்டும் அமைந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டி

நம் நாட்டில் பலரும் அறிந்த அம்பாசடர் காரையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1957 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இது உற்பத்தி செய்யப்பட்டது. இதன் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசைகின்றன. ஒவ்வொன்றுக்கும் வண்டியின் நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு உண்டு. சக்கரம் மேலெழும்போது கீழ்க்கை இத்தண்டை முறுக்குகிறது; முறுக்கப்பட்ட தண்டு மீள முயல்வதே இங்கு வில்லின் வேலையைச் செய்கிறது. இதனைப் பட்டறைகளில் டார்ஷன் பார் என்பர். பின்புறத்திலோ இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சும், அதன் இருபுறமும் கமான் பட்டைகள் என வழங்கும் அடுக்குப் பட்டை வில்களும் உள்ளன. பழைய வண்டிகளில் கைநெம்பு வகைத் தணிப்பிகளும், பிற்கால வண்டிகளில் குழாய் வகைத் தணிப்பிகளும் பொருத்தப்பட்டன.

சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்குக் கிங்பின் என்னும் செங்குத்தான தண்டு உதவுகிறது. இக்குடும்பத்தைச் சேர்ந்த பழைய வண்டிகளில் அதன் முனைகள் திருகுமரையோடு கூடியவை. அவை ட்ரன்னியன் என்னும் உலோகத் துண்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கும். இணைப்பிடங்கள் பலவற்றில் ரப்பர் புஷ்கள் உள்ளன. வேறு வகை வண்டிகளில் கிங்பின்னுக்குப் பதிலாகப் பந்து மூட்டும், முறுக்குத் தண்டுக்குப் பதிலாகச் சுருள் வில்லும் இருக்கலாம். எனினும் கீழே கூறப்படும் பரிசோதனைகளின் அடிப்படை யாவற்றுக்கும் பொதுவானது.

அபாயத்தின் வரிசை

தேயும் உறுப்புகளை, அவை முற்றிலும் தேய்ந்தால் நிகழ்வது யாது என்ற கேள்வியைக் கொண்டு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, கிங்பின்னும் ட்ரன்னியனும், அல்லது பந்து மூட்டு. இவை கழன்றால் சக்கரம் மடங்கி, வண்டியின் மூலை தரையில் விழும். வண்டியை அடக்குதல் எவராலும் இயலாது.

இரண்டாவது, பின்புறப் பட்டை வில்லின் முதன்மைப் பட்டை, நடு போல்ட், யூ போல்ட்டுகள். இவை உடைந்தாலோ தளர்ந்தாலோ பின்னச்சு ஒரு பக்கமாக நகரும். வண்டி தன் வழியை விட்டு விலகும்.

மூன்றாவது, தணிப்பிகள். இவை வலுவிழந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பிடிப்புக் குறையும்.

நான்காவது, ரப்பர் புஷ்கள். இவை தேய்ந்தால் சக்கரத்தின் நிலை மாறி, டயர் விரைவில் தேயும். கடகடவென்ற ஓசையும் எழும்.

ஓசையை மட்டும் கேட்டு வேலை செய்பவர் பெரும்பாலும் இப்பட்டியலின் கடைசியில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறார். நான்கு புஷ்களை மாற்றியதும் ஓசை அடங்குகிறது. வண்டி சீராகிவிட்டது என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. உள்ளே திருகுமரை தேய்ந்த ட்ரன்னியனோ முன்போலவே மௌனமாக இருக்கிறது.

நிற்கும் வண்டியில் அளத்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் உரிய காற்றழுத்தம் இருக்குமாறு செய்ய வேண்டும். பெட்டியில் சுமை இருக்கலாகாது. வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி நிறுத்தினால் தாங்கு அமைப்பு தன் இயல்பான நிலையில் அமரும். பின்னர் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து, தேதியுடன் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஒரே அச்சின் இருபுறமும் உள்ள அளவுகள் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டால் காரணத்தைத் தேடவேண்டும்: வில் தளர்ந்திருக்கலாம், பட்டை உடைந்திருக்கலாம், அல்லது முன்னொரு விபத்தில் வண்டியின் உடலே கோணியிருக்கலாம்.

அடுத்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரையுள்ள தூரத்தை இருபுறமும் அளக்கவேண்டும். தூக்குக்குண்டு கட்டிய நூலைச் சக்கரத்தின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு அளந்தால் பிழை குறையும். இரு தூரங்களும் வேறுபட்டால், பின்னச்சு இடம் பெயர்ந்துள்ளதோ முன்புறக் கைகளின் இணைப்புத் தளர்ந்துள்ளதோ என்று ஆராயவேண்டும். பின்னால் செல்பவர் கண்ணுக்கு வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடுவதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

டயரும் ஒரு சாட்சி. அதன் சுற்றளவில் இடையிடையே கிண்ணம்போன்ற குழிகள் தோன்றியிருந்தால் சக்கரம் துள்ளுகிறது என்பது பொருள், தணிப்பியைச் சோதிக்கவேண்டும். உட்புறமோ வெளிப்புறமோ மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு மாறியுள்ளது. மூட்டுகளையும் புஷ்களையும் சோதிக்கவேண்டும். காரணத்தை நீக்காமல் டயரை மாற்றினால் புதிய டயரும் அவ்வாறே தேயும்.

கிங்பின்னைச் சோதித்தல்

இப்பரிசோதனையில் ஜாக்கியை வைக்கும் இடமே முக்கியமானது. வண்டியின் சட்டத்தின்கீழ் ஜாக்கியை வைத்து உயர்த்தினால், முறுக்குத் தண்டு கீழ்க்கையைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மூட்டு இறுக்கமான நிலையில் நிற்பதால் அதன் ஆட்டம் வெளிப்படாது. ஆகவே ஜாக்கியைக் கீழ்க்கையின்கீழ், இயன்ற அளவு சக்கரத்துக்கு அருகில் வைத்து உயர்த்தவேண்டும். அப்போது வில்லின் விசையை ஜாக்கி ஏற்றுக்கொள்ளும். மூட்டு பாரமின்றி நிற்கும். சுருள் வில் கீழ்க்கையின்மேல் அமர்ந்துள்ள வண்டிகளிலும் இவ்வாறே செய்யவேண்டும்.

சக்கரம் தரையை விட்டு எழுந்தபின், ஒரு கையால் அதன் உச்சியையும் மறு கையால் அடியையும் பற்றி, உள்ளும் வெளியுமாக அசைக்கவேண்டும். ஆட்டம் தெரிந்தால் துணைவர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் மறைந்தால் குறை சக்கரத்தின் பேரிங்கில் உள்ளது. ஆட்டம் நீடித்தால் அது கிங்பின்னிலோ ட்ரன்னியனிலோ உள்ளது. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் இணைப்புத் தண்டின் முனைகளை ஆராயவேண்டும்.

பின்னர் ஒரு கடப்பாரையை டயரின் அடியில் செருகி மெதுவாக மேல்நோக்கி நெம்பவேண்டும். துணைவர் விளக்கின் ஒளியில் ட்ரன்னியனைக் கவனிக்கவேண்டும். கிங்பின் ட்ரன்னியனுக்குள் மேலும் கீழும் நகர்வது தெரிந்தால் திருகுமரை தேய்ந்துள்ளது. திருகுமரையில் சிறிதளவு இடைவெளி இயல்பாகவே உண்டு. அனுமதிக்கப்பட்ட அளவு வண்டியின் கைநூலில் குறிக்கப்பட்டிருக்கும். கைநூல் கிடைக்காவிடில், புதிய கிங்பின்னையும் ட்ரன்னியனையும் கையால் இணைத்து அசைத்து, அந்த ஆட்டத்தோடு ஒப்பிட்டு அறியலாம்.

திருகுமரையின் தேய்மானத்துக்குக் காரணங்கள் மூன்று: மணல், நீர், கிரீஸ் இன்மை. கிரீஸ் இடும்போதும் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் பாரம் சக்கரத்தின்மேல் இருக்கையில் கிரீஸ் கன்னால் செலுத்தினால், கிரீஸ் பாரமற்ற பக்கத்தில் மட்டும் பரவி வெளியே வந்துவிடும். உராயும் பக்கம் வறண்டே இருக்கும். சக்கரத்தை உயர்த்தி, இடமும் வலமும் திருப்பிக்கொண்டே செலுத்தவேண்டும். பழைய கிரீஸ் முழுதும் வெளியேறிப் புதியது தோன்றும் வரை நிறுத்தலாகாது. சேற்றிலோ வெள்ளத்திலோ வண்டி சென்று திரும்பினால், கைநூலில் குறித்த தவணைக்குக் காத்திராமல் அன்றே இதனைச் செய்தல் நலம்.

பட்டை வில்லைச் சோதித்தல்

பட்டை வில்லின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும், ஒவ்வொரு பட்டையின் கனத்தினுடைய மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். துருவினால் ஒரு பட்டையின் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதன் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். முறுக்குத் தண்டில் இவ்விளைவு இன்னும் கடுமையானது; அங்கு விறைப்பு விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது. விட்டம் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 19 பங்கு குறையும்.

பட்டைகளின் முறிவு பெரும்பாலும் நடு போல்ட்டின் துளைக்கருகிலும், கண் வளையத்துக்கருகிலும் தோன்றும். மண்ணெண்ணெயும் சுண்ணமும் கொண்டு செய்யும் பழைய முறை ஒன்று இன்றும் பயனுள்ளது. பட்டையைக் கம்பித் தூரிகையால் நன்கு சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின்னர் மேற்பரப்பை உலர்ந்த துணியால் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவவேண்டும். விரிசல் இருந்தால் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளிவந்து, வெண்மையான பொடியில் கரிய கோடாகத் தோன்றும். இப்பரிசோதனையைச் செய்யும் இடத்தில் நெருப்பு இருக்கலாகாது.

யூ போல்ட்டுகளின் அருகில் துருநிறக் கோடுகள் காணப்பட்டால் அங்கு அசைவு உள்ளது. ஷாக்கிள் எனப்படும் தொங்கு இணைப்பின் புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கவேண்டும். பாரம் தாங்கவில்லை என்று கூடுதல் பட்டைகளைச் செருகுவது பல இடங்களில் வழக்கம். அதனால் வண்டியின் உயரம் மீளும். ஆனால் விறைப்பு மிகுந்து, சக்கரம் சாலையின் மேடுபள்ளங்களைத் தொடர இயலாமல் துள்ளும். அதிர்ச்சி தாங்கிகளுக்கும் சட்டத்துக்கும் சென்று சேரும். தளர்ந்த பட்டையைக் குளிர்நிலையில் அடித்து வளைப்பதும் நிலையான பரிகாரமன்று. உரிய வெப்பப் பதம் செய்யப்படாவிடில் அது விரைவில் மீண்டும் தளரும்.

தணிப்பியைச் சோதித்தல்

வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுவது யாவரும் அறிந்த சோதனை. விடப்பட்ட மூலை மேலெழுந்து, இயல்பு நிலையைச் சற்றே தாண்டி, அமைதியடைய வேண்டும். இரண்டு மூன்று முறை அலைந்தால் தணிப்பி பழுது. ஆயினும் இச்சோதனையில் தேறிய தணிப்பி நல்லது என்று முடிவு செய்யலாகாது. பின்புறத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே அலைவை ஓரளவு தணித்துவிடும். செயலிழந்த தணிப்பியின் குறையை அது மறைத்துவிடும்.

கரடுமுரடான சாலையில் சில மைல் ஓட்டி நிறுத்தி, தணிப்பிகளின் உடலைக் கையால் தொட்டுப் பார்ப்பது இதனினும் நல்ல சோதனை. வேலை செய்யும் தணிப்பி வெப்பமடைந்திருக்கும். நான்கில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. புகைக்குழாயின் அருகில் கை வைக்கும்போது எச்சரிக்கை தேவை. எண்ணெய் வழிந்து ஈரமாகக் காணப்படும் தணிப்பியும் சந்தேகத்துக்குரியது.

கைநெம்பு வகைத் தணிப்பியில் குறைந்த எண்ணெயை நிரப்பலாம். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் உள்ள மண்ணை நீக்கவேண்டும். ஒரு மணல்துகள் உட்சென்றாலும் அதன் வால்வு கெடும். தணிப்பிக்குரிய எண்ணெயையே ஊற்றவேண்டும். பிரேக் திரவமோ எஞ்சின் எண்ணெயோ தகாது. குழாய் வகைத் தணிப்பியைப் பழுது பார்ப்பது பயன் தராது, புதியதாக மாற்றவேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. செங்கற்களை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் தவறு. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும் தன்மையது. இரும்புத் தாங்கிகளையோ கனமான மரக்கட்டைகளையோ பயன்படுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்கவேண்டும்.

முறுக்குத் தண்டு முறுக்கப்பட்ட நிலையில் பெரும் ஆற்றலைத் தன்னுள் கொண்டுள்ளது. கீழ்க்கைக்கு ஜாக்கியால் முட்டுக் கொடுத்த பின்பே மேல் இணைப்புகளைக் கழற்றலாம். பிறகு ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்கவேண்டும். இடப்புறத் தண்டையும் வலப்புறத் தண்டையும் மாற்றிப் பொருத்தலாகாது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்குவதற்கெனவே பதம் செய்யப்பட்டது. கழற்றுமுன் தண்டின் பல்லும் அதன் பிடியும் சேரும் இடத்தில் வண்ணத்தால் குறியிட்டுக்கொள்வது நலம். குறியிட உளியை உபயோகிக்கலாகாது. முறுக்கத்தில் தகைவு தண்டின் மேற்பரப்பிலேயே மிகுதி. அங்கு ஏற்படும் சிறு கீறலும் நாளடைவில் முறிவாக வளரும்.

ரப்பர் புஷ்களைப் பொருத்துகையில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவினால் இயற்கை ரப்பர் உப்பிக் கெடும். சோப்பு நீர் போதுமானது. புஷ் வழியாகச் செல்லும் போல்ட்டை வண்டி ஜாக்கியின்மேல் இருக்கும்போது இறுதியாக இறுக்கலாகாது. அந்நிலையில் கைகள் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். இறுக்கியபின் வண்டியை இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டே நிற்கும், விரைவில் கிழியும். வண்டி தன் சக்கரங்களின்மேல் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே முழுதும் இறுக்கவேண்டும். புதிய புஷ்கள் சில மாதங்களிலேயே கிழிவதற்கு இத்தவறு ஒரு பெருங்காரணம்.

தணிப்பிகளையும் வில்களையும் ஒரே அச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றவேண்டும். புதிய குழாய் வகைத் தணிப்பியைப் பொருத்துமுன், நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதும் நீட்டிச் சுருக்கினால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும். யூ போல்ட்டுகளைப் புதியனவாகவே இடவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கவேண்டும். ஒருமுறை கழற்றிய ஸ்பிளிட் பின்னை மறுபடி உபயோகிக்கலாகாது.

2014-இல் உற்பத்தி நின்றுவிட்ட வண்டிக்குக் கடைகளில் கிடைக்கும் உதிரி உறுப்புகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஆகவே வாங்கும்போதே வெர்னியர் அளவியால் கிங்பின்னின் விட்டத்தை அளக்கவேண்டும். புதிய ட்ரன்னியன் அதன்மேல் கையால் திருகும்போது இறுக்கமின்றிச் செல்லவேண்டும். ஆனால் பக்கவாட்டில் தள்ளாடலாகாது. வேலை முடிந்தபின் சக்கரங்களின் நேர்ப்பாட்டைச் சரிபார்த்து, உயர அளவுகளை மீண்டும் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்டக்கூடியவை

இவ்விஷயத்தின் அடிப்படையை எளிய பொருள்களைக் கொண்டு ஆசிரியர்கள் விளக்கலாம். ஒரு சுருள் வில்லில் 50 கிராம் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, நீட்சியை அளந்து வரைபடம் தீட்டினால் ஹூக்கின் விதி விளங்கும். எடையை இழுத்து விட்டு 20 அலைவுகளுக்குரிய நேரத்தைக் கணக்கிடலாம். பின்னர் எடையின் அடியில் ஒரு தகரத் தட்டை இணைத்து, அதனை முதலில் நீரிலும் பிறகு விளக்கெண்ணெயிலும் அமிழ்த்தி அலையவிட்டால், தணிப்பியின் வேலையை மாணவர் கண்ணால் காண்பர்.

ஒரே அளவான மரத்தாலான அடிக்கோல்கள் இரண்டை மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, முனையில் எடையைத் தொங்கவிட்டால், ஒரே கோல் வளைந்ததில் ஏறத்தாழப் பாதியளவு வளையும். அவற்றைப் பசையால் முழுதும் ஒட்டி உலரவிட்டுச் சோதித்தால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே வளையும். அடுக்குப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லவேண்டியதன் காரணம் இதுவே. துருவேறி ஒட்டிக்கொண்ட பட்டைகள் ஒரே தடித்த பட்டைபோல் விறைத்து, வண்டியைக் குலுக்குவதும் இதனாலேயே.

பரிசோதனைத் தவணை

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை இப்பரிசோதனைகள் யாவற்றையும் செய்தல் போதுமானது. இதற்கு வேண்டிய கருவிகள் ஓர் அளவுநாடா, ஒரு ஜாக்கி, இரண்டு தாங்கிகள், ஒரு கடப்பாரை, ஒரு கிரீஸ் கன், ஒரு குறிப்பேடு ஆகியவையே. இவற்றுள் பலரும் விட்டுவிடுவது குறிப்பேடு. சென்ற முறை எடுத்த அளவு எழுதப்பட்டிருந்தால்தான் இம்முறை எடுத்த அளவுக்குப் பொருள் உண்டு.

வாடகை வண்டியில் செல்லும் ஊழியர், புறப்படுமுன் வண்டியின் நான்கு மூலைகளையும் டயர்களையும் கண்ணால் பார்ப்பதும், கிங்பின்னுக்குக் கடைசியாகக் கிரீஸ் இட்டது எப்போது என்று வண்டியோட்டியைக் கேட்பதும் தவறாகாது. அக்கேள்விக்கு உடனே விடை சொல்லும் வண்டியோட்டி தம் வண்டியை அறிந்தவர். விடை சொல்ல இயலாதவிடத்து, புறப்பாட்டைச் சிறிது தாமதித்து முன்சக்கரங்களை உயர்த்திப் பார்த்துவிடுதல் நன்று. அதற்குச் செலவாகும் நேரம் அரை மணிக்கு மேற்படாது.